படகில் ஏறாமல் கரை சேர்த்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

கோவாவில் மிராமார் கடற்கரையில் முடிவுக்கோட்டைத் தாண்டி மூன்று வாரம் ஆகிறது. கால் கட்டைவிரல் நகம் இரண்டும் இன்னும் கறுப்பாகவே இருக்கின்றன. நான் எடுத்துக்கொண்ட நேரம் 8 மணி 11 நிமிடம். எட்டரை மணி நேரத்துக்குள் முடித்தால்தான் கணக்கில் சேரும் என்பதால் கையில் மிச்சம் இருந்தது 19 நிமிடம். அந்த 19 நிமிடம் யார் யாரிடமிருந்து வந்தது என்று ஊர் திரும்பும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

இந்தப் போட்டி என்னவென்று தெரியாமலேயே எனக்கு உதவியவர்கள் உங்களில் பலர். எனவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 1.9 கிலோமீட்டர் கடலில் நீந்த வேண்டும். கரையேறியதும் சைக்கிளில் 90 கிலோமீட்டர். இறங்கியதும் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். இடையில் ஓய்வு கிடையாது. ஈர உடையோடு ஹெல்மெட் மாட்டும் நேரமும் கடிகாரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். இதை ஹாஃப் அயர்ன்மேன் என்பார்கள். முழு அயர்ன்மேனுக்கு இதைப் போல் இரண்டு மடங்கு.

1978 பிப்ரவரியில் ஹவாயின் ஓஹூ தீவில் முதல் அயர்ன்மேன் நடந்தபோது கிளம்பியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். சாப்பாடும் தண்ணீரும் கொடுக்க அவரவரே ஆட்களைக் கூட்டிவந்தார்கள். இரண்டாவதாக வந்த ஜான் டன்பரின் ஆட்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய், பீரைக் கொடுத்து ஓடவைத்தார்களாம். இப்போது விதி தலைகீழாக இருக்கிறது. போட்டி தொடங்கிவிட்டால் வெளியாள் உதவி கூடாது. என் கணவர் சாலையோரம் நின்று ஒரு வாழைப்பழத்தை நீட்டினாலும் நான் வாங்கக் கூடாது. அதனால் அன்று பார்த்தவர்கள் கண்ணுக்கு நான் தனியாகப் போனது போலத்தான் தெரிந்திருக்கும். நீங்கள் செய்ததெல்லாம் அதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. ஒரு படத்தில்கூட உங்கள் முகம் இல்லை. அது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்துக் கடலிலிருந்து தொடங்குகிறேன்.

முந்தைய ஆண்டு வேறொரு போட்டியில் நான் கடலிலேயே நின்றுபோனேன். அறுநூறு மீட்டர் தாண்டியிருப்பேன். மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றது, கை வரவில்லை, காவல் படகில் ஏறிவிட்டேன். நாற்பது வயதுக்கு மேல் நீச்சல் கற்றவள் நான். கற்றது 25 மீட்டர் குளத்தில். அங்கே இருபத்தைந்து மீட்டருக்கு ஒரு சுவர் வரும், தரையில் கறுப்புக் கோடு வழி காட்டும். கடலில் இரண்டும் இல்லை. அது தெரியாமல் போனேன்.

மீனவ அண்ணே, அதற்குப் பிறகுதான் உங்களிடம் வந்தேன். நீங்கள் கேட்ட முதல் கேள்வி: "தண்ணியப் பாத்தீங்களா, பாக்காமலே எறங்கிட்டீங்களா?" மூன்று ஞாயிற்றுக்கிழமை என்னைத் தண்ணீரில் இறங்கவே விடவில்லை. மணலில் உட்காரவைத்துக் கடலைப் பார்க்கச் சொன்னீர்கள். வரிசையாக அலை உடையும் இடங்களுக்கு நடுவே ஓரிடம் மட்டும் அமைதியாக இருக்கும். இறங்க அதுதான் நல்ல இடம் என்று நான் கை காட்டினேன். "அதுலதான் தண்ணி வெளிய போவுது, அது இழுத்துட்டுப் போற வழி" என்றீர்கள். உடல் சிலிர்த்துப்போனது. முந்தைய ஆண்டு பயிற்சியில் நான் பார்த்துப் பார்த்து இறங்கியதெல்லாம் அப்படிப்பட்ட இடங்களில்தான். இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்துவிட வேண்டும் என்று அன்று சொல்லிக்கொடுத்தீர்கள்.

கரையில் ஒரு தென்னையையும் ஒரு வீட்டையும் குறித்துக்கொண்டு, நீர் என்னை எந்தப் பக்கம் நகர்த்துகிறது என்று பார்க்கப் பழக்கினீர்கள். கோடையில் வடக்கே இழுத்த நீர், வடகிழக்குப் பருவமழை நெருங்க நெருங்கத் தெற்கே திரும்பியதை என் உடம்பாலேயே உணர்ந்தேன். வலை இழுத்துவிட்டு வந்த களைப்போடு, மறுபடியும் படகைத் தள்ளி என் பக்கத்தில் வந்தீர்கள். நான் நீந்தும்போது இன்ஜினை அணைத்துவிட்டு மிதப்பீர்கள். எவ்வளவு கெஞ்சியும் பெட்ரோல் காசுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. அப்புறம் அந்த ஒரு வார்த்தை: "மூச்சு வாங்கினா மல்லாந்து படுத்துடுங்கம்மா. உப்புத் தண்ணி, அது தூக்கும்."

மிராமாரில் முதல் மிதவைக்கு அருகே யாருடைய முழங்கையோ என் முகத்தில் பட்டது. கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. முந்தைய ஆண்டு வந்த அதே பயம், அதே இடத்தில், மேல்நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் ஒரு கயாக் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம், அதைப் பிடித்தபடி முன்னே நகரக் கூடாது, அவ்வளவுதான் விதி. பிடித்தேன். துடுப்பை வைத்துக்கொண்டு அதில் இருந்த பெண் என்னிடம் ஏறுகிறாயா என்று கேட்கவில்லை. "நேரம் இருக்கிறது, மெதுவாக" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்கும் என் நன்றி. கேட்டிருந்தால் ஏறியிருப்பேன் என்றே நினைக்கிறேன். கண்ணாடியைச் சரிசெய்து, மல்லாந்து படுத்து, இருபது எண்ணினேன். அண்ணே, கடல் தூக்கியது. கரையேறியபோது 1 மணி 3 நிமிடம். நீச்சலுக்கு அனுமதித்த நேரம் 1 மணி 10 நிமிடம். ஆக, முதல் ஏழு நிமிடம் உங்களுடையது.

சைக்கிள் கடை அண்ணனுக்கு அடுத்தது. ஆறு மாதமாக இருந்த முழங்கால் வலியை நீங்கள் ஒரு நூலை வைத்துக் கண்டுபிடித்தீர்கள். கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பது போல, நூலில் ஒரு நட்டைக் கட்டி, மிதியை முன்பக்கமாகக் கிடைமட்டத்தில் நிறுத்தி, முழங்காலிலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தீர்கள். சீட்டு தாழ்வாகவும் முன்தள்ளியும் இருந்தது. 14 மில்லிமீட்டர் உயர்த்தி, கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினீர்கள். மூன்றே வாரத்தில் வலி போனது.

ட்யூப் மாற்றுவதை என் கையாலேயே பதினொரு முறை செய்யவைத்தீர்கள். "அங்க நான் வர முடியாதில்ல" என்பதுதான் ஒவ்வொரு முறையும் நீங்கள் சொன்ன காரணம். பழைய பருத்தித் துணியை டயருக்குள் சுற்றிவரத் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத கம்பித் துணுக்கில் நூல் சிக்கிக் காட்டிக்கொடுக்கும் என்பதை உங்களிடம்தான் கற்றேன். கோவாவில் பஞ்சர் ஆகவில்லை. ஆனால் பஞ்சர் ஆனால்தான் என்ன என்ற தைரியத்தோடு 90 கிலோமீட்டரும் மிதித்தேன். அந்தத் துணி இன்னும் என் சீட்டுப் பையில் இருக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலைக் கூட்டாளிகளே! திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்வந்தால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். நமக்கென்றே அளந்து போட்டது போன்ற சாலை. ஆனால் விடியும் முன் நாலரை மணி இருட்டில் ஒரு பெண் தனியாகப் போகும் சாலை இல்லை அது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த இந்த டிரையத்லான் போட்டியில், சைக்கிளில் முன்னால் போகிறவருக்குப் பின்னே ஒட்டிக்கொண்டு காற்றுக்கு மறைவாகப் போவது தவறு. 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும். அதற்காக நான் உங்கள் கூட்டத்தை விட்டு விலகி, முட்டுக்காடு பாலத்தின் எதிர்க்காற்றில் தனியாகப் பழக வேண்டியிருந்தது. யாரும் சொல்லாமலேயே உங்களில் ஒருவர் எப்போதும் வேகத்தைக் குறைத்து எனக்குப் பின்னால் வந்தீர்கள், சிவப்பு விளக்கு மினுங்க. ஒவ்வொரு வாரமும் ஒருவர். உங்கள் சொந்தப் பயிற்சி அன்று கெட்டது. அதை நீங்கள் யாரும் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை.

கேளம்பாக்கம் திரும்பும் இடத்துக்கு முன்னால் இருக்கும் டீக்கடைக்காரருக்கு: உப்பும் எலுமிச்சையும் போட்டு என் பாட்டில்களை நிரப்பித் தந்தீர்கள். ஒரு மணி நேர ஓட்டத்தில் என் எடை 1.4 கிலோ குறைகிறது, எல்லாம் வியர்வை என்று ஒரு நாள் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து உப்பைக் கேட்காமலேயே கூட்டிவிட்டீர்கள். என் போன் அணைந்துபோன அன்று உங்கள் போனிலிருந்து வீட்டுக்குச் சொன்னதையும் மறக்கவில்லை.

பிசியோதெரபி பார்த்த டாக்டரம்மாவுக்கும், மாதக் கடைசிச் சனிக்கிழமைக் கணக்கு வேலையைத் தன் தலையில் ஏற்றுக்கொண்ட அலுவலகத் தோழிக்கும் நேரில் சொல்லிவிட்டேன். இங்கேயும் ஒருமுறை.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. வெயிலும் புழுக்கமும் சென்னை மாதிரியே இருந்தன, அதற்குப் பழகியிருந்தேன். தண்ணீர் மேசைகளில் நின்ற கல்லூரிப் பிள்ளைகள் ஒவ்வொரு சுற்றிலும் என் தொப்பிக்குள் ஐஸ் கொட்டினார்கள். அவர்கள் போட்டி ஏற்பாட்டைச் சேர்ந்தவர்கள், ஆகவே விதிக்கு உட்பட்ட உதவி. கடைசி ஐந்து கிலோமீட்டரில் நான் நடக்கத் தொடங்கியபோது, அறுபதைத் தாண்டிய ஒரு போட்டியாளர் பக்கத்தில் வந்து, "கடிகாரத்தைப் பார்க்காதே, அடுத்த மேசையைப் பார்" என்று இந்தியில் சொல்லிவிட்டு அதே வேகத்தில் போய்விட்டார். மேசை மேசையாக எண்ணித்தான் முடித்தேன்.

இனி வீடு. குளத்தில் மேடையில் உட்கார்ந்து சாக்குக்கட்டியால் கோடு போட்டு என் சுற்றுகளை எண்ணிய மகளுக்கு, வார இறுதி இரவுப் பணி முடித்துவந்து தூங்காமல் சமைத்த கணவருக்கு, "போய்ட்டு வா, எனக்கு என்ன" என்று அனுப்பிவைத்த அத்தைக்கு. அத்தைக்கு உண்மையில் நிறைய இருந்தது. சர்க்கரைக்குக் காலையில் ஊசி, அது போட்ட அரை மணியில் சாப்பாடு. அதைப் பார்த்துக்கொள்ள ஞாயிறு விடியலில் வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் நீங்கள்தான், அக்கா. இந்தக் கடிதத்தை மகள் உங்களுக்குப் படித்துக் காட்டுவாள். இந்த இடம் வரும்போது எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடாதீர்கள். மற்ற நாளில் எட்டு மணிக்கு வருகிறவர் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வந்தீர்கள். அந்நேரம் பஸ் கிடையாது, நடந்தே வந்தீர்கள். 38 வாரம். அதிகாலையில் எழுகிறேன் என்று என்னை எத்தனையோ பேர் பாராட்டினார்கள். தண்ணீர் பிடிக்க மூன்றரைக்கு எழுவதை நீங்கள் ஒரு விஷயமாகவே சொன்னதில்லை.

ஒன்றை எல்லோர் முன்னாலும் சொல்லியாக வேண்டும். முதல் இரண்டு மாதம் அந்த ஞாயிறுகளுக்கு நான் உங்களுக்குக் கூடுதல் சம்பளம் தரவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. அத்தைதான் ஒரு நாள், "அவளும் தூக்கத்த விட்டுத்தானே வர்றா" என்றார். பாக்கியை அன்றே சேர்த்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "சரிம்மா, நீச்சலு வந்துச்சா?" என்றுதான் கேட்டீர்கள். வந்துவிட்டது அக்கா.

இந்த ஞாயிற்றுக்கிழமை நான் எங்கும் போகவில்லை. அத்தைக்கு ஊசி நான் போடுகிறேன், இட்லியும் நானே ஊற்றிவிடுகிறேன். இந்த மாதத்தின் நாலு ஞாயிறும் உங்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை. தூங்குங்கள்.

அன்போடும் நன்றியோடும்,
உங்கள் எல்லோருடைய தங்கை