சிவப்பு வட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சினிமாவில் அரிவாள், செல்போனில் துப்பாக்கி விளையாட்டு, இவற்றால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். கவலை நியாயம்தான். ஆனால் செய்திச் சேனலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லையே!

போன மாதம் ஒரு ராத்திரி எட்டரை மணி இருக்கும். எல்லோரும் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமனார் செய்தி வைத்திருந்தார். பட்டப்பகலில், ஒரு டீக்கடை வாசலில், ஒருவரை மூன்று பேர் வெட்டும் சிசிடிவி காட்சி. வெட்டுப்படுகிறவர் முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு, அரிவாளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். திடும் திடும் என்று பின்னணி இசை வேறு. அப்புறம் ஓர் அதிகாரியின் பேட்டி வந்தது. அப்போதும் பாதித் திரையில் வெட்டு ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தட்டைத் தொடாமல் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "அம்மா, ஏழு மாமாவ வெட்டிட்டாங்க" என்றாள்.

ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் சாகிறார் என்றே நினைத்திருக்கிறாள். மறுநாளிலிருந்து தெருமுனை டீக்கடை வழியாகப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று ஒரே அடம். சுற்றிக்கொண்டுதான் போகிறோம்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவள் அண்ணன், அந்தக் காட்சியைப் பார்த்தபடியே இன்னொரு தோசை கேட்டான். மறுநாள் அதே காட்சி, ஒரு கதாநாயகனின் பாட்டோடு, அவன் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்தது. அவள் பயந்ததைவிட இவன் தோசை கேட்டதுதான் எனக்கு உறுத்துகிறது.

நாளைக்கே இவன் அரிவாள் எடுப்பான் என்று நான் சொல்லவில்லை. வன்முறை வீடியோ விளையாட்டுக்கும் கத்துவது, தள்ளிவிடுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறு தொடர்பு உண்டு, நிஜ வன்முறைக்கு அதுதான் காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கமே 2020இல் சொல்லியிருக்கிறது. என் பயம் வேறு. அதிக நேரம் டிவி பார்க்கிறவர்களுக்கு உலகம் உள்ளதைவிட ஆபத்தானதாகத் தெரியும் என்று ஜார்ஜ் கெர்ப்னர் என்ற ஆய்வாளர் பல வருடங்களுக்கு முன்பே எழுதினார். என் மகளைப் பார்த்தால் அது புரிகிறது. "காலம் கெட்டுக்கிடக்கு" என்று வாசல் தாண்டாமலே சொல்லிக்கொண்டிருக்கும் என் மாமனாரைப் பார்த்தாலும் புரிகிறது.

சினிமாவுக்கு 2024 முதல் யு/ஏ 7+, 13+, 16+ என்று வயது பிரித்துச் சான்றிதழ் தருகிறார்கள். ஓடிடி தளங்களில் 13+க்கும் அதற்கு மேலும் பெற்றோர் பூட்டு இருக்க வேண்டும் என்று 2021 விதி சொல்கிறது. செய்திக்குச் சான்றிதழும் இல்லை, பூட்டும் இல்லை. 2023 ஜனவரியில் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சேனல்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. ரத்தத்தையும் உடல்களையும் மங்கலாக்காமல் காட்டுவதையும், நடப்பதை வட்டம் போட்டு இன்னும் கோரமாக்குவதையும் அது கண்டித்தது. வீட்டில் முதியவர்களும் சின்னப் பிள்ளைகளும் சேர்ந்து பார்க்கிறார்கள் என்றும் நினைவூட்டியது. சரி, அப்புறம் என்ன ஆயிற்று? வட்டம் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.

ரிமோட் உங்கள் கையில்தானே என்பார்கள். சினிமா என்றால் என்ன படம் என்று தெரிந்துதான் போகிறோம். செய்தியில் வெட்டுக்குத்து எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? நாளைக்கு மழை லீவு உண்டா என்று பார்க்க, பிள்ளைகளே அல்லவா செய்தி வைக்கச் சொல்கிறார்கள்!

கொலை நடந்ததை மறைக்கச் சொல்லவில்லை. எங்கே, ஏன், யார் கைதானார்கள் என்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும். அந்த இசையை எடுத்துவிடலாம். திரும்பத் திரும்ப ஓட்டாமல் இருக்கலாம். வட்டமாவது போடாமல் இருக்கலாம்.

இன்னொன்று. அதே காட்சி உங்கள் இணையதளத்திலும் 'பதறவைக்கும் வீடியோ' என்ற தலைப்பில் இருக்கிறது. இந்தக் கடிதத்தை வெளியிடாவிட்டாலும் பரவாயில்லை, அதை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோவில்பட்டி.