அந்தக் கையுறை உன் பையில்தான் இருக்கிறது

அன்புள்ள மருமகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நம் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நீ என்னைக் கவனிக்கவில்லை. கையில் டீ கிளாஸோடு கோல் கம்பத்துக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். கடைசி நிமிடத்தில் உங்கள் கோல்கீப்பரின் கையில் பட்டு நழுவிய பந்து உள்ளே உருண்டதும், "பெண்பிள்ளை மாதிரிப் பிடிக்கிறான்" என்று முதலில் கத்தியது நீ. மற்றவர்கள் அதற்குப் பிறகுதான் சிரித்தார்கள். அவன் குனிந்தபடி கையுறையின் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பதும் ஒட்டுவதுமாக நின்றான். கண்ணைத் துடைத்தால் இன்னும் சிரிப்பீர்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தோளில் மூக்கை மட்டும் தேய்த்துக்கொண்டான்.

உங்கள் பயிற்சியாளரும் சிரித்தார். அவருக்குத் தனியாக எழுத வேண்டும்; அது இவ்வளவு பொறுமையாக இருக்காது.

எந்த ஊரில் நின்றுகொண்டு அப்படிக் கத்தினாய்? இந்தியப் பெண்கள் கால்பந்து அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என வீழ்த்தித் தேசியப் பட்டம் வென்ற தமிழ்நாட்டு அணியில் இருந்தவர். 2020 ஊரடங்கின்போது சென்னையில் போலீஸ் உதவி ஆய்வாளராகச் சாலையில் நின்றவரும் அவர்தான். பெண்பிள்ளை மாதிரி ஆடியிருந்தால் ஞாயிறன்று நீங்கள் ஜெயித்திருப்பீர்கள்.

ஆனால் இதற்காக மட்டும் உன்மேல் கோபமில்லை. பந்தையே தொடாத பெண்ணாக இருந்தாலும் அவள் எப்படி வசவாக ஆனாள்? உன் வயதில் நானும் இதையே கத்தியிருக்கிறேன், உன்னைவிடச் சத்தமாக. அதனால்தான் என் முழங்காலில் அடிபட்டபோது வாயைத் திறக்க முடியவில்லை. வலிக்கிறது என்று சொன்னால் அதே சொல் என்மேல் விழும். வீங்கிய காலோடு மூன்று ஆட்டம் ஆடினேன். உங்கள் வீட்டு மாடிப்படியில் நான் கைப்பிடியைப் பிடித்து ஏறும்போது "மாமாவுக்கு வயதாகிவிட்டது" என்பாயே, அது வயதல்ல.

துவைக்க உடுப்பு எடுப்பதற்காக உன் பையை அம்மா நேற்றுக் கவிழ்த்தாள். அவன் மைதானத்திலேயே போட்டுவிட்டுப் போன கையுறை அதிலிருந்து விழுந்தது. ஏன் எடுத்து வந்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை. அவன் வீடு தேவனாம்பட்டினம் போகும் வழியில்தானே? சைக்கிளில் தனியாகப் போ, கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு போகாதே.

இடது கையுறையின் பட்டை பிய்ந்திருக்கிறது. அம்மாவிடம் ஊசி நூல் வாங்கி, நீயே தைத்து எடுத்துப் போ.

அன்புடன்,
மாமா