மழைக்காலக் கொசுப்புழு ஆய்வு: கவனிக்கவும்

அனைவருக்கும் வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதால், டெங்கு கொசுப்புழுவின் வாராந்திரக் கணக்கைச் சரியாகப் பதிவது இப்போது மிக முக்கியம்.

புழு இருந்த வீடுகளையும் புழு இருந்த பாத்திரங்களையும் தனித்தனியாக எழுதுங்கள். 100 வீடு பார்த்து 8 வீட்டில் புழு, மொத்தம் 12 பாத்திரத்தில் புழு என்றால் வீட்டுக் குறியீடு (100 வீட்டில் புழு இருந்த வீடுகள்) 8, பிரெட்டோ குறியீடு (100 வீட்டுக்குப் புழு இருந்த பாத்திரங்கள்) 12. இரண்டையும் ஒரே எண்ணாகப் போட்டால், ஒரே வீட்டில் நாலைந்து பாத்திரம் இருப்பது மறைந்துவிடும். பூட்டிய வீட்டை "புழு இல்லை" என்று சேர்க்கவே கூடாது. மறுநாள் மாலை திரும்பப் போய்ப் பாருங்கள்.

டார்ச் அடித்து ஃபிரிட்ஜ் பின்தட்டு, ஆட்டுக்கல் குழி, மொட்டைமாடி டயர் எல்லாம் பாருங்கள். டயரைக் கவிழ்த்தாலும் உள்வளைவில் தண்ணீர் நிற்கும். ஓட்டை போடுவது அல்லது அப்புறப்படுத்துவதுதான் வழி.

தொட்டித் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். வாரம் ஒருமுறை நார் போட்டு அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். குடிநீரில் கலக்கும் அளவு குளோரின் புழுவைக் கொல்லாது. இதை வீட்டுக்காரர்களிடம் பொறுமையாக விளக்குங்கள்.

காய்ச்சல்காரர் இருந்தால் தொடங்கிய தேதியைக் கட்டாயம் கேளுங்கள். டெங்கு ரத்தப் பரிசோதனையில் முதல் 5 நாளுக்கு என்எஸ்1 (வைரஸின் புரதத்தைத் தேடுவது), அதற்குப் பிறகு ஐஜிஎம் (உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது). தேதி இல்லாமல் ரத்த மாதிரி போனால் "நெகட்டிவ்" முடிவை நம்ப முடியாது. காய்ச்சல் விட்டதும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ரத்தக்கசிவு வந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் படிவம் நிரப்புங்கள்.