1260 வருஷம், மூன்று சார்ட் பேப்பர்

அன்புள்ள தம்பி சாமுவேலுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். கோத்தகிரி வாலிபர் கூட்டத்தில் நாலு சனிக்கிழமை 'மெய்யான சபை எது?' என்று பாடம் எடுக்கப்போவதாகவும், தீர்க்கதரிசனத்தையும் சபைச் சரித்திரத்தையும் ஒரே சார்ட்டில் காட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் ஊரில் இது புத்தகக் கேள்வி இல்லை. ஒரே எஸ்டேட் லைனில் சி.எஸ்.ஐ., ஆர்.சி., பெந்தெகொஸ்தே, பிரதரன், ஓய்வுநாள் சபை என்று வீட்டுக்கு ஒரு சபை இருக்கும். பாடத்தில் ஒரு தேதி தப்பினால் அன்று சாயங்காலமே தேயிலைக்காட்டு வழியில் யாராவது உங்களை நிறுத்திக் கேட்பார்கள். இதே பாடத்தை எடுக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் சார்ட். கடையில் கிடைக்கும் பேப்பர் 56-க்கு 71 செ.மீ. மூன்றை நீளவாக்கில் ஒட்டினால், ஒட்டுக்குப் போனது போக, 200 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலேயே மிஞ்சும். 10 வருஷத்துக்கு 1 செ.மீ. என்று வையுங்கள். கி.பி. 30 முதல் 2030 வரை 200 செ.மீ. சரியாக அடங்கும். 1260 வருஷம் 126 செ.மீ. பிடிக்கும். மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கிய 1706-லிருந்து இன்றுவரை வெறும் 32 செ.மீ.தான்.

இந்த அளவை எங்கேயும் மாற்றாதீர்கள். அச்சடித்து வரும் படங்களில் கடைசி இருநூறு வருஷம் பாதித் தாளை அடைத்துக்கொள்ளும். 600 முதல் 1100 வரை ஒரே அம்புக்குறியில் ஓடிவிடும். அளவுப்படி போட்டால் அங்கே 50 செ.மீ. வெள்ளையாக நிற்கும். நிற்கட்டும்.

மூன்று விதமாக எழுதுங்கள். வசனத்தில் இருப்பது நீல மை. சரித்திரத்தில் நடந்தது கறுப்பு மை. இதற்கு அது நிறைவேறுதல் என்று நாம் சொல்வது பென்சில். (ஸ்கெட்ச் பேனா வேண்டாம். மழை மாசத்தில் தாள் ஈரம் இழுத்து மை பரவிவிடும். பால்பாயின்ட் போதும்.) இந்தப் பாடத்தில் நடக்கிற தப்பில் பெரும்பகுதி, பென்சிலில் இருக்க வேண்டியது கறுப்பு மைக்கு ஏறுவதால் வருவது.

இனிக் கணக்கு. வெளிப்படுத்தல் 12:6-ல் ஸ்திரீ வனாந்தரத்தில் போஷிக்கப்படுவது 1260 நாள். 12:14-ல் அதே காலம் 'ஒரு காலமும், காலங்களும், அரைக்காலமும்' என்று வருகிறது. தானியேல் 7:25-லும் அதே அளவு. வெளிப்படுத்தல் 11:2-லும் 13:5-லும் 42 மாதம். 42-ஐ 30-ஆல் பெருக்கினால் 1260. மாதத்துக்கு 30 நாள் எங்கிருந்து வந்தது என்று ஒரு பையன் நிச்சயம் கேட்பான். ஆதியாகமம் 7:11-ஐயும் 8:3, 4-ஐயும் காட்டுங்கள்: இரண்டாம் மாதம் 17-ம் தேதி முதல் ஏழாம் மாதம் 17-ம் தேதி வரை ஐந்து மாதம், 150 நாள். இதுவரை எல்லாம் நீலம்.

ஒரு நாளை ஒரு வருஷமாக எண்ணும் இடத்தில் பென்சிலை எடுங்கள். எண்ணாகமம் 14:34-லும் எசேக்கியேல் 4:6-லும் கர்த்தரே அப்படி எண்ணச் சொல்கிறார். வெளிப்படுத்தல் 12-ல் அப்படி ஒரு வரி இல்லை. அந்த முறைக்கு நல்ல ஆதாரம் தானியேல் 9-ன் எழுபது வாரம். எருசலேமுக்காகக் கட்டளை கொடுத்த பாரசீக ராஜா அர்தசஷ்டாவின் ஏழாம் வருஷம் கி.மு. 457. அதிலிருந்து 69 வாரம், அதாவது 483 வருஷம், இயேசு ஞானஸ்நானம் பெற்றதாகக் கணக்கிடும் கி.பி. 27-ல் முடிகிறது. 483-இல் 457 போனால் 26தானே என்பார்கள். கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் பூஜ்ய வருஷம் கிடையாது. அதனால் ஒன்று கூட்ட வேண்டும். அமெரிக்காவில் கர்த்தரின் வருகைக்கு நாள் கணக்கிட்ட வில்லியம் மில்லரின் ஆட்களும் தானியேல் 8:14-ன் 2300-ஐ அதே 457-லிருந்து எண்ணி முதலில் 1843 என்றார்கள். பிறகு திருத்தி 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். கணக்கு திருந்தியது, கர்த்தர் வரவில்லை.

ஸ்திரீ என்பது சபை, 1260 என்பது பாப்பரசர் ஆதிக்கத்தில் அது ஒதுங்கியிருந்த வருஷங்கள் என்பது உங்கள் சார்ட்டின் விளக்கம். அந்த 1260-ஐ எங்கே தொடங்குவது? நீங்கள் 538 முதல் 1798 என்று எழுதியிருக்கிறீர்கள். 1798 பலமான முனை: பிப்ரவரியில் பிரெஞ்சுத் தளபதி பெர்த்தியே ரோமுக்குள் நுழைந்தார், குடியரசு அறிவிக்கப்பட்டது, ஆறாம் பயஸ் பாப்பரசர் கைதியாகக் கொண்டுபோகப்பட்டு 1799 ஆகஸ்டில் பிரான்ஸில் வலான்ஸ் என்ற ஊரில் இறந்தார். 538 அப்படியல்ல. அந்த மார்ச்சில் கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தார் ரோமை முற்றுகையிட்டது முடிந்தது, அவ்வளவு நிச்சயம். ஆனால் 546-லும் 550-லும் அதே கோத்தியர் தோத்திலாவின் கீழ் நகரத்தைத் திரும்பப் பிடித்தார்கள். பாப்பரசர் சுயாதீனமாக இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. 537-ல் சில்வேரியுஸ் பாப்பரசரைப் பதவியிலிருந்து இறக்கியதே பேரரசரின் தளபதி பெலிசாரியுஸ். ரோம ஆயரைச் சபைகளுக்குத் தலை என்று ஜஸ்டினியன் பேரரசர் எழுதியது 533-ல். அங்கிருந்து எண்ணினால் 1793. ரோமுக்கு அதே தலைமையை ஒப்புக்கொண்ட போக்காஸ் பேரரசரின் 607-லிருந்து எண்ணினவர்கள் 1867-க்குக் காத்திருந்தார்கள். அதற்கெல்லாம் முன்னே, பியோரே யோவாக்கீம் என்ற இத்தாலியத் துறவியின் சீஷர்கள் கி.பி. 1260-ஐயே குறித்துக்கொண்டார்கள்.

ஆகவே 538-க்கு 'முற்றுகை முடிந்தது' என்று கறுப்பில் எழுதுங்கள், 1798-க்கு 'பாப்பரசர் கைது' என்று கறுப்பில் எழுதுங்கள், இரண்டையும் சேர்க்கும் கோட்டைப் பென்சிலில் போடுங்கள். பிரதரன் வீட்டுப் பிள்ளைகள் அந்த 1260 நாளும் இனிமேல் வரும் மூன்றரை வருஷம் என்றே கேட்டு வளர்ந்தவர்கள். அந்த விளக்கமும் இருக்கிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்; அதில் சண்டை வேண்டாம்.

வெளிப்படுத்தல் 2, 3-ன் ஏழு சபைகளைச் சரித்திரத்தின் ஏழு காலமாகப் பிரிப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சிமிர்னாவின் 'பத்து நாள் உபத்திரவம்' ரோமப் பேரரசர் தியோக்கிளேத்தியன் தொடங்கிய 303 முதல் 313 வரை என்பது நன்றாகப் பொருந்துவது போல இருக்கும். கிழக்கே அது சரி. மேற்கே 306-க்குப் பிறகு உபத்திரவம் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. ஏழில் கடைசியான லவோதிக்கேயா எப்போதும் படம் போடுகிறவரின் சொந்தக் காலத்தில்தான் வந்து நிற்கும். 1607-ல் இறந்த தாமஸ் பிரைட்மேன் தன் காலத்து இங்கிலாந்துச் சபையையே லவோதிக்கேயா என்றார். அந்தப் பகுதியை ஒரு மூலையில் சின்னதாக வைத்தால் போதும்.

வனாந்தரத்தில் இருந்தவர்கள் யார் என்பதற்குத்தான் நேரம் கொடுங்கள். ரோம் துன்புறுத்திய வால்டென்சியர் என்ற சுவிசேஷக் கூட்டத்தார் அப்போஸ்தலர் காலத்திலிருந்தே ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கில் இருந்தார்கள் என்று உங்கள் குறிப்பில் இருக்கிறது. இதற்குப் பழைய புத்தகங்கள் காட்டிய பெரிய சாட்சி 'நோப்ளா லெய்சோன்' என்கிற அவர்களுடைய பாட்டு. அதன் தொடக்கத்திலேயே, கடைசிக்காலம் என்று எழுதப்பட்டு ஆயிரத்து நூறு வருஷம் நிறைவாயிற்று என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. அப்படியானால் பாட்டு 1100-ஐ ஒட்டியது. இந்தக் கூட்டத்துக்குப் பெயர் தந்த லியோன் நகரத்து வியாபாரி வால்தோ எழும்பியது 1173 வாக்கில். ஆகவே இவர்கள் வால்தோவுக்கு முந்தினவர்கள் என்று வாதம் போயிற்று. அந்தக் கையெழுத்துப் பிரதியை சாமுவேல் மோர்லண்ட் 1658-ல் கேம்பிரிட்ஜ் நூலகத்துக்குக் கொடுத்திருந்தார். 1862-ல் ஹென்றி பிராட்ஷா அதே ஏட்டைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, 'ஆயிரத்து' என்பதற்கும் 'நூறு' என்பதற்கும் நடுவே ஒரு 4 இருந்து, அதைச் சுரண்டி எடுத்த தடம் தெரிந்தது. பாட்டு சொன்னது 1400.

இந்த ஒரு சுரண்டலை வகுப்பில் விவரமாகச் சொல்லுங்கள். சபையை நேசித்த ஒரு கைதான் அதைச் செய்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதனால் வால்டென்சியருக்கு ஒரு குறைவும் இல்லை. சுவிசேஷத்தைத் தாய்மொழியில் எழுதவைத்தார்கள், படிக்காதவர்கள் பிரசங்கித்தார்கள், 1184-ல் வெரோனாவில் சபைநீக்கம் ஆனார்கள், 1532-ல் ஷான்போரானில் கூடிச் சீர்திருத்தத்தோடு சேர்ந்தார்கள், 1535-ல் பிரெஞ்சு வேதாகமம் அச்சாக உதவினார்கள், 1655-ல் வெட்டுண்டார்கள், 1848-ல்தான் குடியுரிமை பெற்றார்கள். இத்தனையும் கறுப்பு மை. இதற்கு மேல் ஆயிரம் வருஷம் ஒட்டவைக்க வேண்டிய தேவை என்ன?

கத்தாரியர் என்ற இடைக்காலக் கூட்டத்தாரை அந்த வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள். ரோம் துன்புறுத்தியது என்ற ஒரே காரணத்துக்காகப் பல படங்களில் அவர்கள் சேர்க்கப்படுகிறார்கள். காணப்படும் உலகம் தீய சக்தியின் வேலை என்றும், தண்ணீர் ஞானஸ்நானம் வீண் என்றும் போதித்தவர்கள் அவர்கள். உபத்திரவப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே உபதேசக்காரர்கள் ஆகமாட்டார்கள். இன்னொன்று: இவர்களைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அவர்களைக் கள்ளப்போதகர் என்று விசாரித்த ரோமின் விசாரணைக்காரர்கள் எழுதிவைத்தது. முன்கூட்டியே எழுதிவைத்த கேள்விப் பட்டியலோடு உட்கார்ந்தவர்களுக்கு, பட்டியலுக்கு ஏற்ற பதில்தான் கிடைத்திருக்கும். அதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

ஓய்வுநாள் கேள்வி கட்டாயம் வரும். கான்ஸ்டன்டைன்தான் 321-ல் சனியை ஞாயிறாக மாற்றினார் என்று சொல்லிவிடாதீர்கள். அந்த வருஷம் மார்ச் 7-ம் தேதிச் சட்டம் நகரத்தாருக்கும் நீதிபதிகளுக்கும் ஞாயிறு ஓய்வு கொடுத்தது. உழவருக்கு விலக்கு இருந்தது. ஆனால் ஞாயிறு கூடுகையை 155 வாக்கிலேயே யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ ஆசிரியர் ரோமில் எழுதியிருக்கிறார். அதோடு விட்டால் அதுவும் பாதி உண்மைதான். ஐந்தாம் நூற்றாண்டில் சோக்கிரத்தேஸ் என்ற சபை வரலாற்றாசிரியர், ரோமும் அலெக்சாந்திரியாவும் தவிர ஏறக்குறைய எல்லாச் சபைகளும் ஓய்வுநாளிலும் திருவிருந்து ஆசரித்ததாக எழுதுகிறார். இரண்டையும் அருகருகே வையுங்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் உங்களை நம்புவார்கள்.

உங்கள் சார்ட்டில் பெரிய குறை, அது முழுக்க ஐரோப்பா. வனாந்தரம் என்றால் ஆல்ப்ஸ் மட்டும்தானா? சீனாவின் சியான் கல்வெட்டு 781-ல் நாட்டப்பட்டது; 635-ல் அலோபென் என்ற கிறிஸ்தவக் குரு அங்கே வந்ததை அது சொல்கிறது. நமக்கு ரொம்பப் பக்கத்தில், கொல்லத்துக் கிறிஸ்தவர்களின் தரிசாப்பள்ளிச் செப்பேடு 849-ல் வட்டெழுத்தில் வெட்டப்பட்டது. சாட்சிக் கையெழுத்துகள் அரபி, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் இருக்கின்றன. இவர்கள் பாப்பரசரின் கீழ் இல்லை. அவரை எதிர்த்தவர்களும் இல்லை. 1599-ல் போர்த்துகீசியர் கூட்டிய உதயம்பேரூர் சங்கம் கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களுடைய சுரியானிக் கொள்கைகளைத் தள்ளி, ஏடுகளை எரிக்க உத்தரவிட்டது. 1653-ல், இயேசு சபையாருக்குக் கீழ்ப்படியோம் என்ற கூனன் சிலுவைச் சத்தியத்தில் அவர்கள் முரண்டினார்கள். அந்த வெள்ளை 50 செ.மீ.க்குள் கறுப்பு மையில் எழுதக் கிடைப்பது பெரும்பாலும் கிழக்கேதான்.

இதே காலத்தில் உங்கள் மலையிலேயே 'காணாமற்போன சபை'யைத் தேடி ஆள் வந்தது தெரியுமா? தோதவர் மலையில் பழைய தோமா கிறிஸ்தவர்கள் வழிதவறி வாழ்கிறார்கள் என்று சமவெளியில் ஒரு பேச்சு இருந்தது. தோமா கிறிஸ்தவர்களுக்கு ஆயராக இருந்த ரோஸ் காலத்தில் முதலில் ஆள் அனுப்பி விசாரித்தார்கள். பிறகு 1603-ல் யாக்கோமே பெனிசியோ என்ற இயேசு சபைக் குரு கோழிக்கோட்டிலிருந்து மலையேறினார். படுகரைப் பார்த்தார், தோதவரைப் பார்த்தார், எருமையையும் பாலையும் சுற்றிய அவர்கள் வழிபாட்டை விசாரித்து எழுதினார், பெண்களுக்குக் கண்ணாடியும் நூலும் கொடுத்தார். கிறிஸ்தவத்தின் சுவடு ஒன்றும் இல்லை. இல்லை என்றே அறிக்கை எழுதி அனுப்பினார். நானூறு வருஷத்துக்கு முன் எழுதிய அந்த நேர்மை நம் பல படங்களில் இல்லை. இருக்கும் என்று நம்பிப் போனவர், ஏதோ ஒரு குறியைச் சிலுவை என்று எழுதியிருக்கலாமே!

சரி, ஆள் வரிசை அறுந்தால் சபையும் அறுந்ததா? இதற்கு நம் நாட்டுச் சாட்சி ஒன்று. திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்துக்கு அடுத்த பிரகாசபுரத்தில் 1857-ல் சட்டம்பிள்ளை என்ற அருமைநாயகம் மிஷனரிகளை விட்டுப் பிரிந்து தனிச்சபை தொடங்கினார். அவர்கள் சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தார்கள். அமெரிக்காவில், சனிக்கிழமை ஆசரிக்கும் அட்வென்டிஸ்டு சபை அமைப்பாக உருவானது அதற்கு ஆறு வருஷம் கழித்து, 1863-ல். ஒருவர் மேல் ஒருவர் கை வைத்து வந்த வரிசை இவர்களுக்குள் இல்லை. இரண்டு இடத்திலும் வேதாகமம் இருந்தது. அந்தப் போதனை சரியா தப்பா என்பது வேறு பாடம். பரம்பரைப் பட்டியல் இல்லாமலே வேதத்தைத் திறந்த இடத்தில் ஒரே காரியம் மறுபடி முளைக்கிறது என்பதை மட்டும் இங்கே கவனிக்கச் சொல்லுங்கள். வெளிப்படுத்தல் 12:17 மீதியானவர்களுக்குக் கொடுக்கும் அடையாளமும் பரம்பரை இல்லை. கற்பனைகளைக் கைக்கொள்ளுதலும் இயேசுவின் சாட்சியும்தான். மத்தேயு 16:18 சபை ஜெயிக்கும் என்கிறது. ஒவ்வொரு நூற்றாண்டிலும் அதன் முகவரி நமக்குக் கிடைக்கும் என்று சொல்லவில்லை.

ஆர்.சி. நண்பர் யாராவது வந்து, எங்களிடம் பட்டியல் இருக்கிறதே என்றால் மறுக்காதீர்கள். 180 வாக்கில் லியோன் ஆயர் இரேனேயுஸ், லீனுஸ் முதல் எலுத்தேரியுஸ் வரை ரோம ஆயர்களை வரிசையாக எழுதியது உண்மை. எதற்கு எழுதினார் என்று மட்டும் கேளுங்கள். இரகசிய உபதேசம் எங்களுக்குத்தான் தெரியும் என்றவர்களுக்கு, அப்போஸ்தலர் போதனை வெளியரங்கமாக வந்தது என்று காட்ட எழுதினார். அப்படியானால் அவருக்கும் கடைசிச் சோதனை போதனைதான்.

நாலு வாரத்தை இப்படிப் பிரியுங்கள்: முதல் வாரம் அப்போஸ்தலர் 2:42-ம் 20:29, 30-ம், நீல மை மட்டும். இரண்டாம் வாரம் 1260 கணக்கு. மூன்றாம் வாரம் வால்டென்சியரும் கிழக்கத்திச் சபையும். இதற்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும். நாலாம் வாரம் 1706-க்குப் பிந்தைய 32 செ.மீ.: தரங்கம்பாடி, 1830-ல் பிரதிஷ்டையான ஊட்டி புனித ஸ்தேவான் ஆலயம், 1846-ல் கேத்திக்கு வந்த பாசல் மிஷன், 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை. ஊட்டி ஆலயத்து மரம் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனையிலிருந்து வந்தது என்றால் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த வாரம் ஒவ்வொருவரும் தங்கள் சபை எந்த வருஷம் அந்த ஊரில் தொடங்கியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவந்து, கேள்விப்பட்டதைப் பென்சிலிலும், கல்லிலோ ரெஜிஸ்டரிலோ பார்த்ததைக் கறுப்பிலும் அவர்கள் கையாலேயே எழுதட்டும்.

ஜெபத்துடன்,
உங்கள் அண்ணன்