தூங்காத டிரைவரோடு எங்களை அனுப்பி வைத்த சுற்றுலா: புகார் கடிதம்

அனுப்புநர்
தங்களிடம் குடும்பச் சுற்றுலாவுக்கு முன்பதிவு செய்த வாடிக்கையாளர்,
தருமபுரி.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
சுற்றுலா மற்றும் வாடகை வாகன நிறுவனம்,
தருமபுரி கிளை.

பொருள்: பிச்சாவரம், பூம்புகார், தரங்கம்பாடி, கோடியக்கரை சுற்றுலாவில் நடந்த சேவைக் குறைபாடு, பணத்தைத் திரும்பக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் உங்கள் நிறுவனம் நடத்தும் காடு, கடற்கரைச் சுற்றுலாவுக்கு எங்கள் குடும்பத்தில் பதினொரு பேர் சென்றோம். வேன், தங்கும் அறை, டோல், பர்மிட், பார்க்கிங் எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய் என்று பேசினீர்கள். முன்பணம் 15,000, மீதி வண்டி கிளம்பும் முன் என்று முழுத் தொகையையும் கொடுத்துவிட்டோம். ரசீதுகளை இணைத்திருக்கிறேன்.

குறைகள் பல இருக்கின்றன. முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். இரவு முழுக்க வண்டி ஓட்டிவிட்டு வந்த ஒருவரிடம், ஒரு மணி நேரம்கூடத் தூங்க விடாமல், எங்கள் பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஏற்றி அனுப்பினீர்கள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை 4 மணிக்கு வண்டி வரும் என்பது பேச்சு. குழந்தைகளை எழுப்பிக் குளிக்க வைத்து, கட்டுச்சோறு கட்டி, வாசலில் காத்திருந்தோம். வண்டி வந்தது 7 மணிக்கு. அலுவலகத்துக்குப் போன் செய்தபோது "ஆன் தி வே" என்று மட்டும் பதில் வந்தது. வண்டி எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லவில்லை. பிறகு டிரைவரே சொல்லித்தான் தெரிந்தது. முந்தின நாள் திருப்பதிக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிப் போயிருக்கிறார். இரவோடு இரவாக அவர்களைத் திருப்பி அழைத்து வந்து இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவக்கூட நேரமில்லாமல் எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார். பின் சீட்டுக்கு அடியில் முந்தின குடும்பத்தின் லட்டு டப்பா கிடந்தது.

தருமபுரிக்காரர்களுக்குத் தொப்பூர் கணவாயைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சேலம் பக்கம் போகிறவர்களுக்கு அது நெடும் இறக்கம். சரக்கு லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள் மேல் ஏறிய செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம். எங்கள் ஊரில் அந்த வழியே போகிறவர்களிடம் "தொப்பூர் தாண்டினதும் போன் பண்ணு" என்று சொல்லி அனுப்பாத வீடு குறைவு. அந்த இறக்கத்தில்தான் உங்கள் டிரைவருக்குக் கண் சொருகியது. முன் சீட்டில் இருந்த என் கொழுந்தனார் முதலில் பார்த்திருக்கிறார். வண்டி மெல்ல மெல்ல இடது பக்கம் ஒதுங்கி, முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த லாரியின் பின்பக்கத்தை நெருங்கியது. அவர் போட்ட சத்தத்தில் டிரைவர் திடுக்கிட்டு பிரேக் பிடித்தார். பின்னால் நின்றுகொண்டிருந்த என் சின்ன மகள் இரண்டு சீட்டுக்கு நடுவில் விழுந்தாள். முட்டியில் அடி. அதோடு போயிற்று. லாரியில் இடித்திருந்தால் இந்தக் கடிதத்தை யார் எழுதியிருப்பார்கள் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

கணவாய் இறங்கியதும் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தச் சொன்னோம். அந்தத் தம்பிக்குக் கை நடுங்கியது. "அண்ணா, ஆபீஸ்ல சொல்லிடாதீங்க, அடுத்த டிரிப் தரமாட்டாங்க" என்றார். என் மாமனார் அவரைப் பின் சீட்டில் படுக்கச் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கினார். நாங்கள் டீக்கடை பெஞ்சிலும் வேப்ப மர நிழலிலும் உட்கார்ந்திருந்தோம். குழந்தைகள் நச்சரித்தார்கள்தான். ஆனால் எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை, எழுப்பவும் கூடாது.

இதைத்தான் உங்கள் அலுவலகம் எங்களுக்கு எதிராகத் திருப்பியது. ஊர் திரும்பியதும் போன் செய்து பேசினேன். "நீங்களாகவே வண்டியை நிறுத்தினீர்கள், அதனால் ஏற்பட்ட தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்றார் உங்கள் ஊழியர். அந்த வார்த்தைகளைக் கேட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வரும் வரை, ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கிற உங்களைப் போன்ற நிறுவனங்களுக்கு அது பொருந்தியது. அதன்படி பொதுவாக ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, வாரத்துக்கு 48 மணி நேரம். தொலைதூரப் பயணம் போன்றவற்றுக்குக் கூடுதல் நேரம் அனுமதிக்கப்பட்டாலும் அதற்கும் வரம்பு இருந்தது. தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் குறைந்தது அரை மணி நேர ஓய்வு தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. திருப்பதி போய்த் திரும்பிய கையோடு கடற்கரை வரை அனுப்புவது எந்தக் கணக்கில் வரும்? அந்தத் தம்பி தூங்கியது அவருடைய தவறு இல்லை. அவருடைய பெயரை இந்தக் கடிதத்தில் வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

அப்புறம் பிச்சாவரம். காலை 10 மணிக்குப் படகுச் சவாரி என்று உங்கள் பயண அட்டையில் அச்சடித்திருக்கிறீர்கள். தருமபுரியிலிருந்து சேலம், ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம், சிதம்பரம் வழியாகப் பிச்சாவரம் ஏறக்குறைய 280 கிலோமீட்டர். நான்கு மணிக்கே கிளம்பியிருந்தாலும், வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கிற வண்டி, வழியில் சாப்பிட்டு, இறங்கி ஏறி, 10 மணிக்குப் போய்ச் சேர முடியாது. நாங்கள் போனபோது மாலை ஆகிவிட்டது, டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

என் பெரிய மகன் ஏழாம் வகுப்பு. அலையாத்திக் காட்டைப் பற்றிப் பள்ளியில் செயல்திட்டம் செய்தவன். உப்புத் தண்ணீரில் நிற்கிற மரங்கள் வேரை மேலே நீட்டி மூச்சு விடும், சுரபுன்னை முட்டுக்கொடுத்த மாதிரி வேர்களை இறக்கி நிற்கும், சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் தந்த மரம் இந்தக் காட்டில் இன்றும் இருக்கிறது என்று வழி முழுக்கத் தங்கைக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். 2004 சுனாமியில் இந்தக் காடு தனக்குப் பின்னால் இருந்த குப்பங்களுக்கு அலையின் வேகத்தைக் குறைத்துக் கொடுத்தது. 2022-ல் இது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. இத்தனையும் படித்து வைத்திருந்த பிள்ளை படித்துறையில் நின்று தூரத்துப் பச்சையைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். சேர்வராயன் மலையும் வத்தல்மலையும் சித்தேரியும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் காடு புதிதல்ல. தண்ணீருக்குள் நிற்கிற காடுதான் புதிது. அதற்காகத்தான் இந்தச் சுற்றுலாவையே தேர்ந்தெடுத்தோம்.

அங்கே இருந்த படகுக்காரர் ஒருவர் உங்கள் அட்டையை வாங்கிப் பார்த்தார். "மோட்டார் படகில் குறுகிய கால்வாய்களுக்குள் பயணம்" என்று போட்டிருக்கிறதே, அந்தக் குறுகலுக்குள் துடுப்புப் படகுதான் போகும் என்றார். தரங்கம்பாடியில் கடைக்காரர் ஒருவர் சொன்னது இன்னொன்று. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையில் இருக்கிற அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையாம். நீங்கள் அதைப் போட்டிருப்பது வெள்ளிக்கிழமை மாலை. நாங்கள் இருட்டிய பிறகு போனதால் எப்படியும் பார்த்திருக்க முடியாது. ஆனால் நேரத்துக்கே போயிருந்தாலும் பூட்டைத்தான் பார்த்திருப்போம். இந்த அட்டையைத் தயாரித்தவர் ஒருமுறையாவது இந்த வழியே போய் வந்தவரா?

பூம்புகாரைப் பற்றி எழுதும்போதுதான் எனக்கு வருத்தம் தாங்கவில்லை. என் மாமனார் பென்னாகரம் பக்கத்துக்காரர். ஒகேனக்கல்லில் காவிரி விழுகிற சத்தம் கேட்டு வளர்ந்தவர். எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீர்தான். அங்கே விழுந்து, மேட்டூரில் தேங்கி, டெல்டா முழுக்கப் பாய்ந்து போகிற காவிரி கடைசியில் கடலில் சேர்கிற இடத்தில் ஒருமுறை நிற்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. முன்பதிவின்போது இதை நான் உங்கள் ஊழியரிடம் சொன்னேன். "கண்டிப்பா மேடம், பூம்புகார் சங்கமம் நம்ம பேக்கேஜ்லயே இருக்கு" என்றார். அட்டையிலும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை இருட்டிவிட்டதால் பூம்புகாருக்குத் திரும்பாமலே வண்டி நேராகப் போனது. மறுநாள் அங்கே போய்விட்டு ஊர் திரும்பலாம் என்று அலுவலகத்தைக் கேட்டோம். திரும்பி வருவது கூடுதல் கிலோமீட்டர், அதற்குத் தனிக் கட்டணம், ஒப்புக்கொண்டால்தான் டிரைவரிடம் சொல்வோம் என்றார்கள். நீங்கள் தர வேண்டிய இடத்துக்கு நாங்கள் இன்னொரு முறை காசு கொடுக்க வேண்டுமா? மாமா "விடும்மா, இன்னொரு தடவை பாத்துக்கலாம்" என்றார். அவருக்கு வயது 74. இன்னொரு தடவை என்பதை நான் உங்களைப் போல் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

காரைக்கால் எல்லையில் புதுச்சேரி பர்மிட்டுக்குப் பணம் இல்லை என்றார் டிரைவர். அதற்கு முன்பு பாளையம் சுங்கச்சாவடியிலேயே பாஸ்டாக்கில் இருப்பு இல்லாமல் பணமாகக் கட்ட நேர்ந்தது. இரண்டும் எங்கள் கையிலிருந்து போனவை. ஏசி சேலத்தோடு நின்றது. புது வண்டி என்று படம் அனுப்பினீர்கள், வந்தது வேறு. பின்பக்க அவசரக் கதவை அடைத்து ஸ்டெப்னி டயரைக் கட்டியிருந்ததை நாங்கள்தான் எடுத்து மேலே போட்டோம்.

வேளாங்கண்ணியில் அறை சுத்தமாக இருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். என் மாமியார் முதல் முறையாகக் கடலைப் பார்த்ததும் அங்கேதான். இரவு பத்து மணிக்கு மணலில் உட்கார்ந்து எழுந்து வர மறுத்தார். அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் இந்தப் பயணத்தைப் பற்றி எனக்குக் குறை இல்லை. ஆனால் அதே இரவில் டிரைவருக்கு நீங்கள் படுக்க இடம் போடவில்லை என்று தெரிய வந்தது. வேனிலேயே படுத்துக்கொள்வதாகச் சொன்னார். முந்தின இரவும் தூங்காதவர், மறுநாளும் எங்களை ஓட்ட வேண்டியவர். பக்கத்து விடுதியில் அவருக்கு ஒரு படுக்கை எடுத்துக் கொடுத்தோம்.

அவர் தூங்கி எழட்டும் என்று சனிக்கிழமை தாமதமாகவே கிளம்பினோம். கோடியக்கரை போனபோது உச்சி வெயில். 1967-லிருந்து வெளிமான்களுக்காகப் பாதுகாக்கிற சரணாலயம் அது. மான்களைப் பார்க்கக் காலையோ மாலையோ போக வேண்டும். வெயிலில் அவை புதர் நிழலை விட்டு வராது. தூரத்தில் இரண்டு மான், உப்பளப் பக்கம் வெள்ளைக் கோடு போலப் பூநாரைக் கூட்டம், அவ்வளவுதான் பார்த்தோம். வேதாரண்யத்தில் நிறுத்தவே இல்லை.

என் கோரிக்கைகள் இவை. பிச்சாவரம் படகுச் சவாரியும் பூம்புகாரும் தரப்படவில்லை, கோடியக்கரை அரைகுறை. வண்டியும் சொன்ன வண்டி இல்லை. ஆகவே பேக்கேஜ் தொகையில் பாதியான 21,000 ரூபாயையும், நாங்கள் கட்டிய டோல், பர்மிட் தொகையையும் திருப்பித் தர வேண்டும். டிரைவருக்கு எடுத்த படுக்கையின் வாடகையை நான் கேட்கவில்லை. ஆனால் இந்தப் புகாரைக் காரணம் காட்டி அவருடைய பேட்டாவையோ சம்பளத்தையோ ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது, அவருக்கு டிரிப் தராமல் நிறுத்தவும் கூடாது. இரவு டிரிப் முடித்து வருகிறவரை அடுத்த நாள் காலையில் இன்னொரு குடும்பத்தோடு அனுப்ப மாட்டோம் என்று எழுத்தில் தர வேண்டும். பணத்தைவிட இந்தக் கடைசிக் கோரிக்கைதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் அடுத்த விடுமுறைக்கும் உங்கள் வேன்கள் தொப்பூர் இறங்கத்தான் போகின்றன.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். போனில் பேசித் தீர்க்க நான் தயாராக இல்லை. பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகள் வரை நேரமும் இருக்கிறது. டிரைவர்களின் வேலை நேரம் குறித்துத் தொழிலாளர் துறைக்கும் தனியாக எழுதுவேன்.

இணைப்பு: பணம் செலுத்திய ரசீதுகள், உங்கள் பயண அட்டை, டோல் மற்றும் பர்மிட் ரசீதுகள், அவசரக் கதவின் புகைப்படம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தருமபுரி.