ஆட்கள் குறைந்தார்கள், வேலை குறையவில்லை: இயக்குநர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பதினொரு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். கடந்த ஓராண்டில் மூன்று சுற்றுகளாக நடந்த ஆட்குறைப்புக்குப் பிறகும் வேலையில் நீடிப்பவர்களில் நானும் ஒருவன். வெளியேறியவர்களின் துயரம் பெரிது. அதை அவர்கள்தான் சொல்ல முடியும். எஞ்சியிருப்பவர்களின் நிலையை நான் அன்றாடம் பார்க்கிறேன் என்பதால் அதைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். வரவு சுருங்கும்போது செலவும் சுருங்கியாக வேண்டும் என்பதைக் கணக்கு எழுதும் எவரும் மறுக்க மாட்டார், நானும் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் ஆட்களைக் குறைத்தீர்கள். அவர்கள் செய்துவந்த வேலையைக் குறைக்கவில்லை. இன்று நாங்கள் படும் பாடெல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கிறது.

எங்கள் பிரிவில் பதினான்கு பேர் இருந்தோம். இப்போது ஒன்பது பேர். சரிபார்க்க வேண்டிய கட்டணப் பட்டியல்களும், வங்கிக் கணக்கோடு ஒப்பிட வேண்டிய பதிவுகளும், வரி செலுத்த வேண்டிய நாட்களும், தணிக்கையாளர்களின் கேள்விகளும் ஒன்றுகூடக் குறையவில்லை. முன்பு மாதக் கணக்கை நான்காவது வேலை நாளில் முடித்துவிடுவோம். இப்போது எட்டாவது நாளிலும் முடிவதில்லை. இதைவிடக் கவலை தருவது வேறொன்று. பணம் வழங்கும் ஒவ்வொரு பதிவையும் ஒருவர் எழுத, இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தருவது கணக்குத் துறையின் அடிப்படைப் பாதுகாப்பு. அந்த இரண்டாவது ஆள் இப்போது பல இருக்கைகளில் இல்லை. சென்ற காலாண்டில் ஒரே கட்டணப் பட்டியலுக்கு இரண்டு முறை பணம் போனதும், அதைத் திரும்பப் பெற மூன்று வாரங்கள் அலைந்ததும் யாருடைய அலட்சியத்தாலும் நடந்தவை அல்ல. ஐந்து பேரின் சம்பளம் மிச்சமானது உங்கள் அறிக்கையில் ஒரு வரியாக இருக்கிறது. இந்த மூன்று வாரங்கள் எந்த வரியிலும் இல்லை.

மிகைநேர ஊதியம் மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்தப்பட்டது. மிகைநேரம் நிற்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு எங்கள் தளத்தில் எத்தனை விளக்குகள் எரிகின்றன என்பதை ஒருமுறை நேரில் வந்து பார்க்கும்படி வேண்டுகிறேன். நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919-இல் தன் முதல் உடன்படிக்கையாகவே தொழிற்சாலைகளுக்கு வகுத்தது. அதே அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து ஏறத்தாழ 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் அதிகம். என் பிரிவில் நான்கு பேர் பல மாதங்களாக 55 மணி நேரத்தைத் தாண்டி உழைக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கைக்குழந்தையின் தாய்.

இரவுப் பணிக்கான வண்டி நின்றது, பெற்றோருக்கான மருத்துவக் காப்பீடு நீக்கப்பட்டது, கழிப்பறைகளை நாளுக்கு ஒருமுறை மட்டும் சுத்தம் செய்வது வழக்கமானது. இவற்றால் மிச்சமாகும் தொகை சிறியது என்பதை எண்களைப் பார்க்கும் வேலையில் இருப்பதால் அறிவேன். ஆனால் ஒவ்வொன்றும் நிறுவனம் தங்களை எவ்வளவு மதிக்கிறது என்பதற்கான அளவாகவே ஊழியர்கள் மனதில் பதிகிறது.

எல்லாவற்றையும் விட எங்களை அரித்துக்கொண்டிருப்பது மௌனம்தான். இரண்டாம் சுற்றில், ஒன்பது ஆண்டுகள் எங்களோடு இருந்த ஒருவர் காலையில் வழக்கம்போல் வந்து அடையாள அட்டையைக் காட்டினார், கதவு திறக்கவில்லை. தனக்கு வேலை இல்லை என்பதை அவர் அந்தக் கதவிடமிருந்துதான் தெரிந்துகொண்டார். அவருடைய மேசையில் இருந்த பொருட்களைப் பெட்டியில் கட்டி நான்தான் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று முதல், கதவு திறந்ததும் ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் மூச்சு விடுவதை நான் பார்க்கிறேன். எந்தக் காரணமும் குறிப்பிடாமல் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. உரிமையுள்ள விடுப்பைக்கூட எடுக்க அஞ்சுகிறார்கள்; தான் இல்லாமலும் வேலை நடந்துவிட்டால் தான் தேவையில்லை என்று முடிவாகிவிடுமோ என்ற பயம். இதே பயத்தில்தான் தவறுகள் மறைக்கப்படுகின்றன. தனக்குத் தெரிந்த வேலை நுணுக்கத்தை அடுத்தவருக்குச் சொல்லித்தரவும் தயங்குகிறார்கள். இந்த மடலில் என் பெயரை எழுதாததற்கும் அதுவே காரணம், அதற்காக வருந்துகிறேன்.

மன உற்சாகத்துக்காக இரண்டு முறை நிகழ்ச்சிகள் நடத்தப்பட்டன. அவற்றுக்காக உழைத்த மனிதவளப் பிரிவினரை நான் குறை சொல்லவில்லை. அவர்களிலும் பாதிப் பேர் போய்விட்டார்கள். ஆனால் ஊழியர் மனநிலை வேறு இடத்தில் தீர்மானமாகிறது. ஆட்குறைப்புக்குப் பின் எஞ்சியவர்களைப் பற்றி 1980-களிலிருந்தே ஆராய்ந்து எழுதிவரும் அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர் ஜோயல் பிராக்னர், வெளியேற்றப்பட்டவர்கள் நியாயமாக நடத்தப்பட்டார்கள் என்று தங்கியவர்கள் நம்புகிறார்களா என்பதைப் பொறுத்தே அவர்களுடைய பற்றும் உழைப்பும் அமைகின்றன என்று காட்டியிருக்கிறார். அந்தக் கதவுக்கு முன் நின்றவரை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

2007-இல் அமெரிக்காவின் மின்னணுப் பொருள் விற்பனை நிறுவனமான சர்க்யூட் சிட்டி, சந்தை நிலவரத்தைவிட அதிகச் சம்பளம் பெறுகிறார்கள் என்று சொல்லி ஏறத்தாழ 3,400 விற்பனையாளர்களை ஒரே மூச்சில் நீக்கிவிட்டு, குறைந்த சம்பளத்துக்குப் புதியவர்களை எடுத்தது. அனுபவம் மிக்கவர்கள் கடையிலிருந்து போனார்கள். 2008 நவம்பரில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. அடுத்த ஆண்டில் அமெரிக்காவில் இருந்த அதன் கடைகள் அனைத்தும் மூடப்பட்டன. அதன் வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் பொருளை விளக்கி விற்கத் தெரிந்தவர்களை அனுப்பிவிட்டு விற்பனையைக் காப்பாற்ற முடியவில்லை என்பது உண்மை.

வேறு வழியும் இருந்திருக்கிறது. 1993-இல் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்தில் சுமார் 30,000 வேலைகள் மிகையாகிவிட்ட நிலையில், நிர்வாகம் தொழிற்சங்கத்தோடு உட்கார்ந்து பேசி, வார வேலை நேரத்தை 36 மணியிலிருந்து 28.8 மணியாகக் குறைத்தது. ஊழியர்கள் வருமானத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். நிர்வாகம் ஆட்குறைப்பு இல்லை என்று உறுதி தந்தது. சுமை எல்லோர் தோளிலும் ஏறியது; எவ்வளவு ஏறுகிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்களிடமும் அப்படிக் கேட்டிருந்தால், சம்பளத்தில் ஒரு பங்கை விட்டுத்தர எங்கள் பிரிவில் பெரும்பாலானோர் முன்வந்திருப்பார்கள். யாரும் எங்களைக் கேட்கவில்லை.

நான்காம் சுற்று உண்டா இல்லையா என்பதை, எந்தப் பதிலாக இருந்தாலும், ஒரு தேதியோடு எழுத்தில் தெரிவியுங்கள். இனி ஒருவரை அனுப்ப நேர்ந்தால், அவருடைய மேலாளர் அவரை நேரில் அழைத்துச் சொல்லட்டும். அவர் செய்துவந்த வேலைகளில் எது நிற்கும், எது யாரிடம் போகும் என்பதும் அதே நாளில் முடிவாகட்டும். நடக்கும் மிகைநேரத்துக்கு ஊதியம் தர இயலாவிட்டால் ஈடாக விடுப்பாவது கொடுங்கள். பணம் வழங்கும் பதிவுகளுக்கு இரண்டாவது ஒப்புதலை உடனே மீட்டுத் தாருங்கள். இது எங்களுக்காகக் கேட்பதைவிட நிறுவனத்துக்காகக் கேட்பது.

எங்கள் ஒன்பது பேரும் கூடி, பிரிவில் மாதந்தோறும் தயாரிக்கும் இருபத்து மூன்று அறிக்கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அவற்றில் ஏழு அறிக்கைகளைப் பற்றி ஓராண்டாக எவரும் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அவற்றை நிறுத்தினால் மாதத்துக்கு ஏறத்தாழ நாற்பது மணி நேரம் மிச்சமாகும். அந்தப் பட்டியல் இப்போது பிரிவுத் தலைவரின் மேசையில் இருக்கிறது. உங்கள் அடுத்த கூட்டத்துக்கு முன் எங்களில் இருவரை அழைத்தால், அதை எடுத்து வந்து விளக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர்