கல் பவளத்தின் அடையாளம் நிறத்தில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் மீன்களைப் பற்றியும் வடிகட்டியைப் பற்றியும் எழுதியிருப்பதில் குறையில்லை. கல் பவளங்களை, அதாவது சுண்ணாம்புக் கூடு கட்டும் பவளங்களைப் பற்றிய பகுதியில்தான் இரண்டு பெரிய தவறுகள். ‘அக்ரோபோரா’ என்று பெயர் போட்டு அச்சிட்டிருக்கும் படம் பொசிலோபோரா என்ற வேறொரு கிளைப் பவளத்தினுடையது. அடுத்தது, ‘பவளம் வெளுத்தால் கால்சியம் சேர்க்கவும்’ என்ற வரி. படத்தைவிட அந்த வரிதான் அதிகம் சேதம் செய்யும்.

முதலில் படம். அக்ரோபோராவைப் பிற கிளைப் பவளங்களிலிருந்து பிரித்தறியக் கிளையின் நுனியைப் பார்த்தால் போதும். அங்கே குழாய் போன்ற ஒற்றைக் கிண்ணம் (ஒரு பவள உயிரி அமர்ந்திருக்கும் குழி) மேல்நோக்கித் திறந்திருக்கும். கிளை நீள்வது அதைக் கொண்டுதான்; பக்கங்களில் இருக்கும் சின்னக் கிண்ணங்கள் அதைச் சுற்றி அரும்பியவை. பொசிலோபோராவுக்கு இந்த நுனிக் கிண்ணம் கிடையாது. கிளை முழுக்கப் பரு போன்ற புடைப்புகள், ஒவ்வொரு புடைப்பின் மேலும் பல கிண்ணங்கள். தாங்கள் வெளியிட்ட படத்தில் புடைப்புகள் பளிச்சென்று தெரிகின்றன. ஊசி போன்ற மெல்லிய கிளையில் கிண்ணங்கள் வரிசை பிடித்து நின்றால் அது செரியாடோபோரா. கிண்ணத்தின் மேல் விளிம்பில் சிறு கூரை நீட்டிக்கொண்டிருந்தால் ஸ்டைலோபோரா. மோன்டிபோராவில் கிண்ணங்கள் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை; தட்டாகவோ, படர்ந்தோ, கிளைவிட்டோ வளர்ந்தாலும் நுனிக் கிண்ணம் இராது. துண்டைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுவந்து கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் இவ்வளவும் தெரிந்துவிடும்.

கட்டுரையாளர் ‘பச்சைப் பவளம்’, ‘ஊதாப் பவளம்’ என்று நிறத்தை வைத்துப் பிரித்திருக்கிறார். ஒரே துண்டு நல்ல வெளிச்சத்தில் ஊதாவாக இருக்கும். வெளிச்சம் குறைந்து நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறினால் சில வாரங்களில் பழுப்பாகிவிடும். திசுவுக்குள் வாழும் ஜூசாந்தெல்லா பாசி பெருகுவதே காரணம். விற்பனைக்காக வைக்கும் கவர்ச்சிப் பெயர்களும் இதே கதைதான்: பேரினத்தைச் சொல்வதில்லை, பவளத்தை எங்கே வைப்பது என்று சொல்வதில்லை.

பெரிய சதைப்பற்றுள்ள பவளங்களில் உணர்நீட்சி, அதாவது வாயைச் சுற்றியுள்ள விரல் போன்ற நீட்சிதான் அடையாளம். சுத்தியல், தவளைமுட்டை, டார்ச் என்று வழங்கும் மூன்றுக்கும் கூடு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். நீட்சியின் நுனி நங்கூரம் போல வளைந்தால் சுத்தியல், நீட்சி கிளைபிரிந்து பல குமிழ்களாக முடிந்தால் தவளைமுட்டை, கிளைக்காமல் ஒற்றை உருண்டையில் முடிந்தால் டார்ச். முதல் இரண்டையும் இப்போது ஃபிம்பிரியாஃபில்லியா என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். டார்ச் மட்டும் யூஃபில்லியாவிலேயே நிற்கிறது. வளர்ப்பவருக்கு இதில் பயன் உண்டு: சுத்தியலும் தவளைமுட்டையும் பெரும்பாலும் உரசிக்கொண்டு வாழும், டார்ச் அவற்றைக் கொட்டிவிடும். இடையில் குறைந்தது 15 சென்டிமீட்டர் விட வேண்டும். கேலக்ஸியாவுக்கு அதுவும் போதாது. இரவில் அது நீட்டும் தாக்கு நீட்சிகள் 30 சென்டிமீட்டர் வரை போகக்கூடியவை. கோனியோபோராவா, அல்வியோபோராவா என்ற குழப்பத்துக்கு எண்ணிப் பார்ப்பதே தீர்வு. ஒரு உயிரியில் 24 நீட்சிகள் இருந்தால் முன்னது, 12 இருந்தால் பின்னது. பக்கத்துக் கிண்ணங்கள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டால் ஃபேவைட்ஸ். ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவரும் நடுவே பள்ளமும் இருந்தால் டிப்சாஸ்ட்ரியா, பழைய பட்டியல்களில் ஃபேவியா.

கூடு கல்லாக இருப்பதெல்லாம் கல் பவளம் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். நீலப் பவளமும் குழல் பவளமும் எட்டு நீட்சி கொண்ட வேறு கூட்டத்தைச் சேர்ந்தவை. நெருப்புப் பவளம் ஹைட்ரா வகையின் உறவு. அதை வெறுங்கையால் தொடக் கூடாது.

இனி கால்சியம். பவளம் கூடு கட்டும்போது கால்சியத்தையும் காரத்தன்மையையும் (நீரில் முக்கியமாகப் பைகார்பனேட், கார்பனேட்டின் அளவு) ஒரு கணக்கில்தான் இழுக்கிறது. காரத்தன்மை 1 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு) குறையும்போது கால்சியம் சுமார் 7 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 7 பங்கு) மட்டுமே குறையும். 420 இருந்த இடத்தில் 413 ஆனதைக் கைச்சோதனைப் பெட்டி பிடிக்காது. 8 என்றிருந்த காரத்தன்மை 7 ஆனதைப் பிடித்துவிடும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது காரத்தன்மையை. அது 7.5 முதல் 9 டி.கே.எச்., கால்சியம் 400 முதல் 450, மெக்னீசியம் 1,250 முதல் 1,350 பி.பி.எம்., உப்பு ஆயிரத்துக்கு 35, வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் என்ற எல்லைக்குள் இருந்தால் நல்லது. எண் எது என்பதைவிட அது ஆடாமல் நிற்பது முக்கியம்.

எவ்வளவு சேர்ப்பது? எதுவும் சேர்க்காமல், ஒரே நேரத்தில், அடுத்தடுத்த இரண்டு நாள் காரத்தன்மையை அளக்க வேண்டும். பாறையும் மணலும் போக 200 லிட்டர் நீர் உள்ள தொட்டியில் 8.4 இருந்தது 7.9 ஆனால், ஒரு நாள் செலவு 0.5. நூறு லிட்டரில் 1 டி.கே.எச். ஏற்ற 3 கிராம் சமையல் சோடா வேண்டும். இந்தத் தொட்டிக்குத் தினம் 3 கிராம். சுத்தமான சோடியம் பைகார்பனேட்தான் வேண்டும், பேக்கிங் பவுடர் ஆகாது. அதற்கு இணையான கால்சியத்துக்கு, நீரேறிய கால்சியம் குளோரைடு, அதாவது டைஹைட்ரேட், சுமார் 2.6 கிராம். இரண்டையும் தனித்தனியாக ஆர்.ஓ. நீரில் கரைத்து, அரை மணி இடைவெளி விட்டு, மோட்டார் நீரைத் தள்ளும் இடத்தில் மெல்ல ஊற்ற வேண்டும். ஒன்றாக ஊற்றினால் நீர் பால்போல் கலங்கும். சேர்த்தது சுண்ணாம்பாகப் படிந்து வீணாகும், ஹீட்டரும் மோட்டாரும் வெள்ளை பூத்துவிடும். மெக்னீசியம் மிகக் குறைந்த தொட்டியில் இந்தப் படிவு இன்னும் சுலபமாக நடக்கும். ‘எவ்வளவு ஊற்றினாலும் ஏறவில்லை’ என்ற புகார் வந்தால் மெக்னீசியத்தை அளந்து பார்க்க வேண்டும். குறைந்த காரத்தன்மையை ஒரே நாளில் 1 டி.கே.எச்.க்கு மேல் ஏற்றக் கூடாது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாக உள்ள நீரில் 10, 11 என்று ஏற்றிவைத்தால் அக்ரோபோராவின் நுனி கருகிவிடும்.

‘வெளுத்தால்’ என்ற சொல்லும் இங்கே நிற்காது, ஏனெனில் வெள்ளையில் மூன்று வகை உண்டு. அக்ரோபோராவின் நுனி மட்டும் வெளிறியிருப்பது வளர்ச்சி. பாசி இன்னும் அங்கே குடியேறவில்லை. பவளம் முழுக்க வெளிறி, லென்ஸில் பார்த்தால் கண்ணாடி போன்ற திசுவும் வாய்களும் தெரிந்தால் அது பாசியை இழந்த பவளம். உயிர் இருக்கிறது. வெளிச்சத்தைக் குறைத்து வெப்பத்தைச் சரிபார்த்தால் பல நேரம் மீளும். மூன்றாவதில் திசுவே இல்லை, வெறும் கூடு. ஓரிரு நாளில் அதன்மேல் பச்சை படரும். அடியிலிருந்து மெல்ல ஏறினால் காரணம் தேட அவகாசம் உண்டு. திசு நாடாவாக உரிந்து சில மணி நேரத்தில் பரவினால், உயிருள்ள பகுதியில் ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வெட்டி நுனிகளைக் காப்பாற்றுவது ஒன்றே வழி. காரத்தன்மை திடீரென ஆடியதா, சூடு ஏறியதா என்று அதன் பிறகு பார்க்கலாம். இந்த மூன்றில் எதற்கும் கால்சியம் மருந்தல்ல.

வைக்கும் இடத்துக்கும் பேரினமே வழிகாட்டி. அக்ரோபோராவுக்குப் பார் மீட்டரில் (பாசிக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் கருவி) 250 முதல் 350, மாறி மாறி அடிக்கும் பலமான நீரோட்டம். சுத்தியல் குடும்பத்துக்கு 80 முதல் 150, நீட்சிகள் மெல்ல அசையும் அளவு ஓட்டம்; நேராக அடித்தால் கூட்டின் கூர்விளிம்பில் சதை கிழியும், கிழிந்த இடத்தில் பழுப்புக் கூழ் நோய் தொற்றும். டிராக்கிஃபில்லியா மணலில் இருக்க வேண்டியது, பாறையில் அல்ல. டியூபாஸ்ட்ரியாவுக்கு உடலில் பாசியே கிடையாது. விளக்கு எதுவானாலும் ஒவ்வொரு வாய்க்கும் தனியே தீனி கொடுக்காவிட்டால் பட்டினியில் சாகும்.

புதிதாக வந்த அக்ரோபோராவைக் கிருமிநீக்கக் கரைசலில் முக்கினால் போதும் என்றும் கட்டுரை சொல்கிறது. முக்கினால் அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு உதிரும், அதன் முட்டை சாகாது. அடிப்பக்கம் திசு இல்லாத கூட்டில் காப்பிப்பொடி நிறத்தில் கொத்தாக ஒட்டியிருக்கும் முட்டைகளைக் கத்தி முனையால் சுரண்டி, துண்டு ஒட்டிவந்த அடிக்கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, தனித் தொட்டியில் வைத்து வாரம் ஒரு முறை மீண்டும் முக்கிப் பார்க்க வேண்டும். ஆறு வாரம் கழித்துப் பெரிய தொட்டிக்கு மாற்றலாம்.

படக்குறிப்புக்கும் கால்சியம் வரிக்கும் அடுத்த ஞாயிறு இதழில் திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடல்நீர்த் தொட்டி வளர்க்கும் வாசகர்கள் சிலர்